ஆர்டர் விழுது, மெசேஜ் போகலை: சின்னக் கடை ஆட்டோமேஷனில் கோளாறு பார்க்கும் முறை

கருப்பட்டி, அப்பளம், அல்வா, பத்தமடைப் பாய் என்று எதை விற்றாலும் சரி, திருநெல்வேலிப் பக்கம் சின்னக் கடைகளில் இப்போது ஓடுகிற ஆட்டோமேஷன் பெரும்பாலும் ஒரே வார்ப்புதான். வாடிக்கையாளர் வாட்ஸப்பில் வருகிறார். அவருக்கு ஒரு கூகுள் ஃபார்ம் லிங்க் போகிறது. அவர் நிரப்பியது கூகுள் ஷீட்டில் ஒரு வரியாக விழுகிறது. வரி விழுந்ததும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டோ (ஷீட்டோடு வரும் கூகுளின் சின்ன நிரல் வசதி), ஸேப்பியரோ, மேக்கோ (இரண்டும் வெளியே இருந்து செயலிகளை இணைக்கும் சேவைகள்) விழித்துக்கொண்டு பேக்கிங் ஆளுக்கு மெயில், வாடிக்கையாளருக்கு மெசேஜ், கணக்குக்கு பில் நம்பர் என்று வேலையைப் பிரித்துக் கொடுக்கிறது. கடை சாத்திய பிறகு நோட்டை விரித்து உட்காருகிற நேரம் மிச்சம்.

ஓடுகிற வரைக்கும் சுகம்தான். நின்றால் தொந்தரவு, ஏனென்றால் நின்றது உடனே தெரியாது. சென்னையில் இருந்து ஒருவர் "பார்சல் எங்கே?" என்று கேட்கும்போதுதான் மூன்று நாளாக எதுவுமே போகவில்லை என்று தெரியவரும். கீழே இருப்பதெல்லாம் கடையில் கண்ணுக்குத் தெரிகிற அறிகுறியை வைத்து எழுதியது. உங்கள் கோளாறு எதுவோ அதற்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிட வேண்டாம்.

எதையும் தொடும் முன்

உங்கள் செல்லில் இருந்தே ஒரு ஆர்டர் போடுங்கள். பெயர் இடத்தில் "சோதனை" என்று எழுதுங்கள், மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வரிசையாக நான்கு இடம் பார்க்க வேண்டும். ஃபார்மைத் திறந்தால் மேலே இருக்கும் ரெஸ்பான்ஸஸ் பக்கம் ஒன்று. ஷீட் இரண்டு. ஷீட்டில் எக்ஸ்டென்ஷன்ஸ் மெனு வழியாக ஆப்ஸ் ஸ்கிரிப்ட் போய், இடது ஓரத்தில் இருக்கும் எக்ஸிக்யூஷன்ஸ் பட்டியல் மூன்று. மெயில் போகிற கணக்கின் சென்ட் பெட்டி நான்கு. சோதனை ஆர்டர் எந்த இடத்தில் முதலில் காணாமல் போகிறதோ, அதற்கும் அதற்கு முந்தின இடத்துக்கும் நடுவில்தான் அறுந்திருக்கிறது. ஸேப்பியர், மேக் வைத்திருப்பவர்களுக்கு மூன்றாவது இடம் அவற்றின் ஹிஸ்டரி பக்கம்.

இதைச் செய்யாமல் ஸ்கிரிப்டைத் திறந்து நோண்டுகிறவர்கள், இருக்கிற ஒரு கோளாறோடு புதிதாக ஒன்றையும் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதும் மறுபடி ஒரு சோதனை ஆர்டர்.

"ஃபார்ம் போட்டாச்சு" என்கிறார்கள், ஷீட்டில் வரி இல்லை

ரெஸ்பான்ஸஸ் பக்கத்தில் ஆர்டர் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஃபார்முக்கும் ஷீட்டுக்கும் இருந்த இணைப்பு விட்டுப் போயிருக்கிறது. யாராவது ஷீட்டை நகல் எடுத்து நகலில் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஆர்டர் பழைய ஷீட்டில் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருக்கும். அதே ரெஸ்பான்ஸஸ் பக்கத்தில் இருந்து ஷீட்டைத் திறந்தால் எது உண்மையான ஷீட் என்று தெரிந்துவிடும்.

ரெஸ்பான்ஸஸிலேயே இல்லை என்றால் வாடிக்கையாளரால் ஃபார்மை முடிக்க முடியவில்லை என்று பொருள். அடிக்கடி காரணமாக இருப்பது, பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டை ஏற்றச் சொல்லும் கேள்வி. ஃபைல் ஏற்றும் கேள்வி ஒன்று இருந்தாலே கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். கடவுச்சொல் நினைவில்லாத பெரியவர்கள் அந்த இடத்தில் ஃபார்மை மூடிவிடுவார்கள். ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸப்பில் வாங்கிக்கொள்ளுங்கள், ஃபார்மில் கேட்க வேண்டாம்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளால் இன்னொரு வினையும் உண்டு. அவை எல்லாம் ஃபார்மின் சொந்தக்காரர் டிரைவில் போய்ச் சேருகின்றன. இலவசக் கணக்கில் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். அது நிறைந்தால் ஃபைல் ஏறாது, மெயில் வருவதும் போவதும் நின்றுவிடும். "ஒன்றுமே மாற்றவில்லை, திடீரென்று எல்லாமே நின்றுவிட்டது" என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடக்கணக்கைத்தான்.

வரி விழுகிறது, ஆனால் மெயிலோ மெசேஜோ கிளம்பவில்லை

எக்ஸிக்யூஷன்ஸ் பட்டியலில் உங்கள் சோதனை நேரத்துக்கு ஒரு பதிவுமே இல்லையா? அப்படியானால் ஸ்கிரிப்ட் எழவே இல்லை. இணையத்தில் இருந்து எடுத்த ஸ்கிரிப்டுகளில் பல, "ஆன் எடிட்" என்ற விழிப்பை (ட்ரிகர்) வைத்து எழுதப்பட்டவை. ஒரு மனிதர் ஷீட்டில் கை வைத்துத் திருத்தினால்தான் அது எழும். ஃபார்ம் வழியாக விழும் வரிக்கு எழாது. அந்த எளிய வகை விழிப்புக்கு மெயில் அனுப்பும் உரிமையும் கிடையாது. இடது ஓரத்தில் கடிகாரப் படம் போட்ட ட்ரிகர்ஸ் பக்கத்துக்குப் போய், "ஆன் ஃபார்ம் சப்மிட்" என்ற ட்ரிகரைப் புதிதாகச் சேர்த்து, அனுமதி கேட்டால் கொடுங்கள்.

முன்பு ஓடியது, இப்போது பதிவே இல்லை என்றால் வேறு கதை. ட்ரிகர் எப்போதும் அதை உருவாக்கியவரின் கணக்கில்தான் ஓடும், கடையின் கணக்கில் அல்ல. கம்ப்யூட்டர் தெரிந்த பையன் ஒருவன் தன் ஜிமெயிலில் நுழைந்து எல்லாவற்றையும் செய்து கொடுத்திருப்பான். அவன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன பிறகு யாரோ ஷீட்டில் அவனுடைய உரிமையை எடுத்துவிடுவார்கள். அன்றோடு நின்றுவிடும். கடை பெயரில் ஒரு தனி ஜிமெயில் திறந்து, ஃபார்ம், ஷீட், ட்ரிகர் மூன்றையும் அதில் வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் முதலாளி கையில் இருக்கட்டும்.

பதிவு இருக்கிறது, "ஃபெயில்டு" என்று சிவப்பில் காட்டுகிறது என்றால் அந்த வரியைச் சொடுக்கிப் பாருங்கள். கீழே வரும் செய்தி அசிங்கமாகத் தெரிந்தாலும் உபயோகமானது. இந்த இடத்தில் நான் பார்த்தவரை இரண்டுதான் அதிகம்.

ஒன்று, ஃபார்மில் யாரோ கேள்வியின் வாசகத்தைத் திருத்தியிருப்பார்கள். "ஊர்" என்று இருந்ததை "ஊர், பின்கோடு" என்று ஆக்கியிருப்பார்கள், நல்ல எண்ணத்தில்தான். ஸ்கிரிப்ட் இன்னும் "ஊர்" என்ற தலைப்பைத் தேடிக்கொண்டிருக்கும். வார்த்தைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி சேர்ந்தாலே போதும், கிடைக்காது. கேள்வியை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் ஷீட்டில் புதுப் பத்தியே முளைக்கும். ஃபார்மைத் திருத்தும் உரிமை ஒருவருக்கு மேல் இருக்க வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான்.

இரண்டாவது, அளவு தீர்ந்துபோவது. சாதாரண ஜிமெயில் கணக்கில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் மெயில் அனுப்பும். காசு கட்டும் வொர்க்ஸ்பேஸ் கணக்கில் 1,500. நூறு என்றால் தாராளம் என்று தோன்றும். ஆனால் ஒரு ஆர்டருக்கு முதலாளிக்கு ஒன்று, பேக்கிங்குக்கு ஒன்று, வாடிக்கையாளருக்கு ஒன்று என்று மூன்று போனால், 33 ஆர்டரில் 99 தீர்ந்தது. 34-வது ஆர்டரில் முதலாளிக்கு மெயில் வந்துவிடும், மற்ற இருவருக்கும் வராது. தீபாவளிக்கு முந்தின வாரத்தில் மட்டும் கோளாறு, மற்ற நாளில் எல்லாம் சரி என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம். முதலாளிக்கு ஆர்டருக்கு ஒரு மெயில் எதற்கு? ராத்திரி எட்டு மணிக்கு அன்றைய ஆர்டர்களின் பட்டியலாக ஒன்று போனால் போதும்.

ஸேப்பியர் இலவசத் திட்டத்தில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கம், மாதத்துக்கு 100 டாஸ்க், அதாவது அது செய்து முடிக்கும் ஒவ்வொரு வேலையும் ஒன்று. வரி விழுந்த நொடியே அது எழாது, சில நிமிடம் எடுத்துக்கொள்ளும் என்பதால், சின்னத் தாமதத்தைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். மேக்கில் புதிதாகச் செய்த ஃப்ளோவை (வேலை வரிசையை) ஓட விடும் சுவிட்சைப் போட மறப்பதும் உண்டு. பிழை அடுத்தடுத்து வந்தால் அது தானே அணைந்தும் விடும்.

டெலிவரி தேதி தாறுமாறு: சில ஆர்டர் தொலைகிறது, சில ஆர்டர் மாதம் தள்ளிப் போகிறது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இது சிவப்பில் காட்டாத கோளாறு. ஸ்கிரிப்ட் "கம்ப்ளீட்டட்" என்றே சொல்லும்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வெளியூரில் இருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். திரும்பும்போது கொண்டுபோக முன்கூட்டியே ஆர்டர் போட்டு, தேதியையும் எழுதுவார்கள். 2025-ல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 11. வாடிக்கையாளர் நம் வழக்கப்படி 11/04/2025 என்று எழுதுகிறார். ஷீட்டின் லோக்கேல் (எந்த நாட்டு வழக்கப்படி படிப்பது என்ற அமைப்பு) அமெரிக்கா என்று இருந்தால் அது மாதத்தை முதலில் படிக்கும், நவம்பர் 4 என்று எடுத்துக்கொள்ளும். ஏப்ரல் 11 காலையில் "இன்று அனுப்ப வேண்டியவை" பட்டியலில் அந்த ஆர்டர் இருக்காது. இன்னொருவர் 13/04/2025 என்று எழுதியிருந்தால், பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் ஷீட் அதைத் தேதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். அதுவும் பட்டியலில் வராது. 04/04 என்று எழுதியவர் மட்டும் தப்பித்தார்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. தேதிப் பத்தியில் ஓரச் சீரமைப்பு எதையும் நீங்கள் போடாமல் இருந்தால், ஷீட் தேதியாகப் புரிந்துகொண்டது வலது ஓரம் ஒட்டி நிற்கும், எழுத்தாக எடுத்துக்கொண்டது இடது ஓரம் ஒட்டி நிற்கும். ஒரே பத்தியில் 12-ஆம் தேதி வரை வலது பக்கம், 13 முதல் இடது பக்கம் என்று கோணல்மாணலாகத் தெரிந்தால் இதுதான் நோய்.

ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போய் லோக்கேலை இந்தியா என்று மாற்றுங்கள். ஆனால் அது இனி விழுவதைத்தான் சரிசெய்யும். ஏற்கெனவே நவம்பர் 4 ஆகிவிட்டது நவம்பர் 4 ஆகவே இருக்கும், காட்டும் விதம் மட்டும்தான் மாறும். ஃபார்மின் ரெஸ்பான்ஸஸ் பக்கத்தில் வாடிக்கையாளர் எழுதியது எழுதியபடியே இருக்கும். அதைப் பார்த்துப் பழைய வரிகளைக் கையால் திருத்துவது தவிர வேறு வழியில்லை. அப்புறம், ஃபார்மில் தேதியை எழுதச் சொல்லும் கேள்வியை எடுத்துவிட்டு, காலண்டரில் தொட்டுத் தேர்வு செய்யும் தேதிக் கேள்வியைப் போட்டுவிடுங்கள்.

தேதி சரி, மணி தப்பு

காலை ஒன்பதுக்குப் போக வேண்டிய நினைவூட்டல் மத்தியானம் இரண்டரைக்குப் போகிறது என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: சரியாக ஐந்தரை மணி நேரம். உங்கள் ஃப்ளோ கிரீன்விச் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் ஆறரை, ஏழரை என்றால் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம். ஷீட்டின் செட்டிங்ஸில் ஒரு நேர மண்டலம், ஸ்கிரிப்டின் பிராஜெக்ட் செட்டிங்ஸில் இன்னொன்று. இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு "மாற்றியும் சரியாகவில்லை" என்பவர்கள் அதிகம்.

ஒன்பது மணி ட்ரிகர் 9.40-க்குப் போவது கோளாறு அல்ல. ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் ஏதோ ஒரு நேரம் என்பதுதான் அதன் ஏற்பாடு.

ஒரே ஆர்டருக்கு இரண்டு மெசேஜ், ஒரே நம்பரில் இரண்டு பில்

இரண்டு மெசேஜும் ஒரே நிமிடத்தில் போயிருந்தால் ட்ரிகர் இரண்டு இருக்கிறது. முதலாளி ஒன்று போட்டிருப்பார், மகன் தன் கணக்கில் இன்னொன்று போட்டிருப்பான். ஷீட்டைத் திருத்தும் உரிமை உள்ள ஒவ்வொருவரும் தத்தம் கணக்கில் நுழைந்து ட்ரிகர்ஸ் பக்கத்தைப் பார்ப்பதுதான் நிச்சயமான வழி.

இரண்டாவது மெசேஜ் மணிக்கணக்கில் தள்ளிப் போயிருந்தால், அந்த வரியை யாரோ திருத்தியிருக்கிறார்கள். ஸேப்பியரில் "புதிய அல்லது திருத்திய வரி" என்ற வகையைத் தேர்ந்திருந்தால், விலாசத்தில் ஒரு எழுத்தைச் சரிசெய்தாலும் அது புது வேலை என்று கிளம்பும். "புதிய வரி" மட்டும் என்று மாற்றுங்கள், அல்லது எந்தப் பத்தி மாறினால் எழ வேண்டும் என்று ஒன்றை மட்டும் காட்டுங்கள். நடுவில் வரி செருகுவதும் அதைக் குழப்பும்.

இது எல்லாவற்றுக்கும் பொதுவான காப்பு ஒன்று உண்டு. ஷீட்டில் "அனுப்பியாச்சு" என்று ஒரு பத்தி வையுங்கள். ஸ்கிரிப்ட் அனுப்பும் முன் அந்தக் கட்டம் காலியா என்று பார்க்கட்டும், அனுப்பியதும் மணியை அதில் எழுதட்டும். ஐந்து வரி வேலை. நான் பார்த்த ரெட்டை மெசேஜ் தகராறுகளில் பெரும்பாலானவை இந்தப் பத்தி இல்லாத ஷீட்டுகளில்தான்.

பில் நம்பர் விஷயம் இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது. ஷீட்டில் இருக்கும் வரிகளை எண்ணி அடுத்த நம்பரைக் கொடுக்கும் ஸ்கிரிப்டு நிறைய உலவுகிறது. நடுவில் ஒரு ரத்தான ஆர்டரை அழித்தால் எண்ணிக்கை ஒன்று குறையும், போன நம்பரே மறுபடி வரும். இரண்டு ஆர்டர் ஒரே நொடியில் விழுந்தாலும் இதே கதிதான். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் தொடர்ச்சியாக, அந்த நிதியாண்டுக்குள் ஒன்று போல் இன்னொன்று இல்லாமல், 16 எழுத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். எனவே கடைசியாகக் கொடுத்த நம்பரைத் தனியாக ஒரு கட்டத்தில் சேமித்து அதில் ஒன்று கூட்டுங்கள். ஸ்கிரிப்டில் "லாக் சர்வீஸ்" போட்டால் ஒரு ஆர்டர் முடியும் வரை அடுத்தது காத்திருக்கும். ரத்தான ஆர்டரை அழிக்காமல் "ரத்து" என்று எழுதி விட்டுவிடுங்கள். ஏப்ரல் 1 அன்று வரிசையைப் புதுப்பிக்க வேண்டும் என்று காலண்டரிலும் குறித்துவையுங்கள்.

ஃபார்முலா கடைசி வரிகளுக்கு வரவில்லை

ஃபார்ம் ஒவ்வொரு ஆர்டருக்கும் புது வரியைச் செருகும், நீங்கள் கீழே வரை இழுத்துவிட்ட ஃபார்முலா அதில் வராது. ரெஸ்பான்ஸ் விழும் தாளில் கையே வைக்க வேண்டாம். கணக்கை வேறு தாளில் வைத்து அங்கிருந்து இழுங்கள், அல்லது தலைப்பு வரியில் ஒரு அர்ரே ஃபார்முலா (பத்தி முழுவதற்கும் ஒரே ஃபார்முலா) போடுங்கள்.

ஊர்ப் பெயர் கண்ணுக்கு ஒன்று, ஷீட்டுக்கு வேறு

டெலிவரிச் செலவை ஊரை வைத்துக் கணக்கிடும் கடைகளில் இது தீராத வழக்கு. ஒருவர் பாளை என்பார், ஒருவர் பாளையங்கோட்டை. அம்பை, அம்பாசமுத்திரம். வி.கே.புரம், விக்கிரமசிங்கபுரம். சேரன்மகாதேவியை மூன்று விதமாக எழுதுவார்கள். ஷீட்டுக்கு இவை எல்லாம் வேறு வேறு ஊர்.

இதாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாத ஒன்றும் உண்டு. கொக்கிரகுளம் என்று பட்டியலில் இருக்கிறது, வாடிக்கையாளரும் கொக்கிரகுளம் என்றே எழுதியிருக்கிறார், இருந்தும் பொருந்தவில்லை. முதல் எழுத்தான "கொ"வை கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறி. திரையில் இரண்டும் ஒரே மாதிரி. ஷீட் ஒப்பிடும்போது இரண்டும் வேறு. பழைய கீபோர்டு மென்பொருளில் அடித்ததையும் செல்லில் அடித்ததையும் கலந்தால் இப்படி வரும்.

திருத்திக்கொண்டே இருக்காமல் ஊரை எழுத விடுவதையே நிறுத்துங்கள், பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கட்டும். அல்லது பின்கோடை வைத்துக் கணக்கிடுங்கள்: பாளையங்கோட்டை 627002, நெல்லை டவுன் 627006. ஆனால் 627 என்று தொடங்கினால் நம் மாவட்டம் என்று மொத்தமாக விதி போட வேண்டாம். தென்காசி 2019-ல் தனி மாவட்டம் ஆன பிறகும் அங்கே பின்கோடு 627-ல்தான் தொடங்குகிறது. சங்கரன்கோவில் பார்சலை உள்ளூர் விலைக்கு அனுப்ப நேரிடும்.

ஆட்களின் பெயரை வைத்துப் பொருத்தவே கூடாது. இசக்கிமுத்துவும் சுடலைமுத்துவும் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிற ஊர் இது. ஃபோன் நம்பர்தான் ஆளுக்கு அடையாளம்.

ஃபோன் நம்பர் உடைகிறது

+91 என்று தொடங்கி நடுவில் இடைவெளி விட்டு அடித்தால் ஷீட் அதைக் கூட்டல் கணக்கு என்று நினைத்துப் பிழை காட்டும். இடைவெளி இல்லாவிட்டால் கூட்டல் குறியைத் தின்றுவிடும். முன்னால் உள்ள சைபரும் போய்விடும். அந்தப் பத்தியை "பிளெயின் டெக்ஸ்ட்" ஆக்குங்கள், ஃபார்மில் பத்து இலக்கம் மட்டும் என்று கட்டுப்பாடு போடுங்கள். யூபிஐ-யின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணுக்கும் இதே வைத்தியம். எக்ஸெலில் திறந்தால் அது சுருங்கி தசமப் புள்ளியோடு தெரியும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண் என்றால் எக்ஸெல் கடைசி இலக்கங்களைச் சைபராகவே ஆக்கிவிடும், திரும்ப வராது.

தமிழ் கட்டம் கட்டமாக, அல்லது ஆங்கில எழுத்துக் குப்பையாக

குப்பை என்றால் மூலம் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அச்சகத்தில் இருந்து வாங்கிய விலைப்பட்டியல் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பில் பிரிண்டரில் மட்டும் கட்டமோ கேள்விக்குறியோ வந்தால் அந்தப் பிரிண்டருக்குள் தமிழ் இல்லை. பில் மென்பொருளில் படமாக அச்சிடும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள்.

எஸ்எம்எஸ் செலவு திடீரென்று கூடினால் எழுத்தை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70. அதுவும் நாம் எண்ணுகிற மாதிரி இல்லை. "திருநெல்வேலி" நமக்கு ஆறு எழுத்து, அதன் கணக்கில் பன்னிரண்டு இடம், ஏனென்றால் ஒவ்வொரு குறியும் புள்ளியும் தனி இடம் பிடிக்கும். இரண்டு வரித் தமிழ் மெசேஜ் மூன்று மெசேஜ் காசு ஆகிவிடும். எஸ்எம்எஸ் போகவே இல்லை என்றால் டிஎல்டி-யில் (வணிக எஸ்எம்எஸ் வாசகங்களை முன்பே பதிந்து வைக்கும் தளம்) பதிந்த வாசகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதிந்ததில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்த்திருந்தாலும் வழியிலேயே தடுக்கப்படும்.

வாட்ஸப் தகராறுகள்

பழைய வாடிக்கையாளருக்கு வரவேற்பு மெசேஜ் வரவில்லை என்பது கோளாறு இல்லை. வாட்ஸப் பிசினஸ் செயலியில் அது முதல் முறை எழுதுபவருக்கோ, 14 நாள் பேச்சு இல்லாமல் இருந்து எழுதுபவருக்கோ மட்டும்தான் போகும். "கடை மூடியிருக்கிறது" மெசேஜ் போக வேண்டுமானால் கடையின் செல்லில் அந்த நேரம் நெட் இருக்க வேண்டும். ராத்திரி டேட்டாவை அணைத்துவிட்டுப் படுக்கிறவர்கள் கவனிக்க.

பிராட்காஸ்ட் (ஒரே மெசேஜைப் பலருக்கு ஒருசேர அனுப்புவது) போட்டால் பாதிப் பேருக்குப் போகவில்லையா? உங்கள் நம்பரைத் தம் செல்லில் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் அது போகும். இதைத் தாண்ட, ஆயிரம் பேருக்கு ஒரே தட்டில் அனுப்புவதாகச் சொல்லும் பிரௌசர் கருவிகளை வாங்காதீர்கள். நம்பரே முடக்கப்படும். கடை போர்டிலும் அட்டைப்பெட்டியிலும் அச்சடித்த நம்பரைப் பணயம் வைக்கிற அளவுக்கு அதில் லாபம் இல்லை.

ஏபிஐ வழி (செயலி இல்லாமல் மென்பொருளே நேராக வாட்ஸப்போடு பேசும் வழி) அனுப்புகிறவர்களுக்கு: வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் தாண்டினால், முன்பே வாட்ஸப்பிடம் ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட் (மாதிரி வாசகம்) மட்டும்தான் போகும். "பார்சல் கிளம்பியாச்சு" டெம்ப்ளேட்டின் அடியில் ஆசைப்பட்டு ஆடித் தள்ளுபடி வரி ஒன்றைச் சேர்த்தால் அது விளம்பர வகைக்கு மாறும், கட்டணமும் ஏறும்.

பணம் வந்த பிறகும் பாக்கி என்று காட்டுகிறது; மெசேஜ் சரி, ஆள் கோபம்

இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், வேர் ஒன்றுதான். கவுண்டரில் ஒட்டிய கியூஆரில் விழும் பணம் உங்கள் ஷீட்டுக்குத் தானாக வராது. யாராவது எழுதினால்தான் உண்டு. தானாக வர வேண்டுமானால் பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு. அதுவும் ஒரே தகவலை இரண்டு முறை அனுப்பக்கூடும் என்பதால் பரிவர்த்தனை எண்ணை வைத்து வடிகட்ட வேண்டும். ரொக்கமாக வருகிற பணத்துக்கு எந்த மென்பொருளும் கிடையாது. அங்கேதான் இப்படி ஆகும்:

"வே, நேத்து சாயங்காலமே உம்ம தம்பி கையில ரூவாயக் குடுத்தாச்சு. காலையில எந்திச்சா பாக்கின்னு மெசேஜ் வருது. என்ன கணக்கு வே பாக்கீரு?"

"தம்பி எழுத மறந்துட்டான் அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க."

இருபது வருஷம் பற்று வரவு வைத்தவர் அதோடு வேறு கடைக்குப் போய்விடுவார். துட்டி (சாவு) வீட்டுக்கு மறுநாள் காலையிலேயே கடன் மெசேஜ் போனதும் நடந்திருக்கிறது. ஃப்ளோவைப் பொறுத்தவரை எல்லாம் "கம்ப்ளீட்டட்".

கடன் நினைவூட்டலை முழுக்கத் தானாக விடக்கூடாது என்பது என் கட்சி. பட்டியலை ஸ்கிரிப்ட் தயார் செய்யட்டும்: பெயர், தொகை, எத்தனை நாள், அனுப்ப வேண்டிய வாசகம். பக்கத்தில் ஒரு டிக் கட்டம். காலையில் முதலாளி ஓட்டிப் பார்த்து டிக் போட்டவர்களுக்கு மட்டும் போகட்டும். இரண்டு நிமிட வேலை. உட்கார்ந்து கணக்குப் பார்த்து ஒவ்வொருவருக்கும் எழுதுகிற வேலை மிச்சமாகிறதே, அது போதாதா? ரொக்கம் வாங்கும் ஆளின் செல்லில் இரண்டே கேள்வி உள்ள ஒரு சின்ன ஃபார்மையும் வைத்துவிடுங்கள், நம்பர், தொகை என்று. கல்லாவில் போடும் முன் அதில் போட வேண்டும்.

கரண்ட் போனால் நிற்கிறது

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று மட்டும் எதுவும் போகவில்லை என்றால், உங்கள் ஆட்டோமேஷன் கடை கம்ப்யூட்டரில் ஓடும் எக்ஸெல் மேக்ரோ. கம்ப்யூட்டர் தூங்கினாலும் அது தூங்கும். ஷீட்டுக்கும் ஆப்ஸ் ஸ்கிரிப்டுக்கும் மாற்றினால் கடையில் கரண்ட் இருக்கிறதா என்ற கேள்வியே எழாது.

எதுவும் பிடிபடவில்லை என்றால்

தெரிந்தவரைக் கூப்பிடும் முன் இதை எடுத்து வையுங்கள்: கோளாறான ஒரு ஆர்டரின் வரி எண், அது விழுந்த மணி, எக்ஸிக்யூஷன்ஸில் அந்த மணிக்கு உள்ள பதிவின் படம், கடைசியாக ஒழுங்காகப் போன ஆர்டரின் தேதி. அந்தத் தேதிக்குப் பிறகு ஃபார்மில், ஷீட்டில், கடவுச்சொல்லில் யார் எதை மாற்றினார்கள் என்று கடையில் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். ஷீட்டின் ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கிறது. எந்தக் கணக்கில் இருந்து, எத்தனை மணிக்கு, எந்தக் கட்டம் மாறியது என்று அது காட்டும். "நான் தொடவே இல்லை" என்று சொல்பவரிடம் சண்டை போடாமல் அதைத் திறந்து பாருங்கள். வாடிக்கையாளர் பெயரும் நம்பரும் தெரிகிற படத்தை மட்டும் குரூப்பில் போட்டு உதவி கேட்க வேண்டாம், அந்தப் பத்திகளை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.